கழுத்துக் கோடு

ஜனவரி 6, திங்கள்

மைதா ஏஜென்ட் இந்த வருடமும் டைரி கொடுத்துவிட்டார். பக்கத்துக்குப் பக்கம் ராகுகாலம், எமகண்டம், கீழே மைதா மூட்டையின் படம். என் வீட்டுக்காரர் குழந்தைவேல் பீளமேட்டில் பேக்கரி வைத்திருப்பதால் எங்கள் வீட்டில் டைரிக்குப் பஞ்சமே கிடையாது. எழுதத்தான் ஆள் இல்லை. இந்த வருடம் நான் எழுதப்போகிறேன். இருபது வருடமாகப் பம்புக்குள் தண்ணீர் எப்படிச் சுழல்கிறது என்று இன்ஜினியரிங் காலேஜில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவளை, போன வருடம் ஒரு டாக்டர் வந்து மூளைக்குள் இழுத்துப் போட்டுவிட்டார். அங்கே பார்ப்பதையெல்லாம் யாரிடமாவது சொல்ல வேண்டும். இவர் மாவு பிசைந்துகொண்டே கேட்பார், பாதியில் தூங்கிவிடுவார்.

டாக்டர் பெயர் ஜமுனா. மூளை ரத்தக்குழாயில் சிலருக்கு ஓரிடம் பலவீனமாகிப் புடைத்துக்கொள்ளும். வெடித்தால் உயிருக்கே ஆபத்து. வெடிப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டால், தொடை வழியாக மெல்லிய குழாய் ஒன்றை மூளை வரைக்கும் செலுத்தி, புடைப்புக்குள் பிளாட்டினம் கம்பியைச் சுருள் சுருளாகத் திணித்து அடைத்துவிடுவார் ஜமுனா. இதற்குக் காயில் என்று பெயர். சிலருக்கு அது அப்படியே நிற்கிறது. சிலருக்கு ஒரே வருடத்தில் ரத்தம் மறுபடியும் உள்ளே புகுந்துவிடுகிறது.

"கம்பி ஒண்ணு, வெக்கிற கையும் ஒண்ணுதானுங்க மேடம். அப்பறம் ஏன் ஒருத்தருக்கு நிக்குது, இன்னொருத்தருக்கு நிக்க மாட்டேங்குது? உருவத்தப் பாத்தே முன்கூட்டிச் சொல்லிப்போட முடியுங்களா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்காகவே நான் பம்புகளைக் கைவிட்டேன். ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே காயில் வைத்த நூற்றுச் சொச்சம் பேருடைய புடைப்புகள் இப்போது என் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. பெயர் இல்லை, ஊர் இல்லை, வெறும் உருவம். எது நின்றது, எது நிற்கவில்லை என்பதை என் புரோகிராம் படித்துக்கொண்டிருக்கிறது. புதிதாக ஓர் உருவத்தைக் கொடுத்தால், காயில் நிற்க நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று சொல்லிவிடும்.

ஜனவரி 9, வியாழன்

ஜமுனா நோயாளிகளிடம் பலூன் என்கிறார். எனக்கு அந்த வார்த்தை பிடிக்கவில்லை. பலூன் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். இவை அப்படியா? நானும் ஸ்கேன் டெக்னீஷியன் ஸ்டெல்லாவும் காய்கறிப் பெயர் வைத்திருக்கிறோம். சுண்டைக்காய், கத்திரிக்காய், இரட்டைத் தலை இஞ்சி, கொய்யா. ஒன்றைத் திரையில் போட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் நேரம் போவதே தெரியாது. மனிதர்களுக்குத் தங்கள் முகம் தெரிகிறது. உள்ளே இப்படி ஒரு முகம் இருப்பது அவர்களுக்கே தெரியாமல் இருந்திருக்கிறது.

எல்லாவற்றிலும் முக்கியம் கழுத்து. குழாய் முடிந்து புடைப்பு தொடங்குகிற வாய்தான் கழுத்து. கழுத்து குறுகலாக இருந்தால் உள்ளே திணித்த கம்பி வெளியே வராது. அகலமாக இருந்தால் ரத்தம் இடித்து இடித்துக் கம்பியை நகர்த்திவிடும். ஆனால் குழாய் எங்கே முடிகிறது, புடைப்பு எங்கே தொடங்குகிறது என்று உடம்பில் கோடு போட்டா வைத்திருக்கிறது? அந்தக் கோட்டை நான்தான் மவுஸால் போட வேண்டும். ஆளுக்கு ஆள் கோடு மாறும் என்பதால் எல்லாவற்றுக்கும் ஒரே கை, என் கை. ஒரு தடவை போட்டதை மறுபடி தொடக்கூடாது என்பது என் சட்டம். நானே கெஞ்சினாலும் திறந்து தராதே என்று ஸ்டெல்லாவிடம் சொல்லியிருக்கிறேன்.

ஜமுனா இன்று ஒரு கதை சொன்னார். அவிநாசிக்காரர் ஒருவரிடம் "உங்களுக்குக் கழுத்து அகலமா இருக்குங்க" என்று சொல்லியிருக்கிறார். அடுத்த முறை அவர் கழுத்துப் பட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றாராம். "இறுக்கிக் கட்டிப் பாத்தனுங்க டாக்டர், கொஞ்சம் கொறஞ்சிருக்குங்களா?" என்று கேட்டாராம். ஸ்டெல்லாவுக்கும் எனக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது.

ஜனவரி 18, சனி

பொங்கல் ஆர்டர் முடிந்து இவர் இரண்டு நாளாகத் தூங்குகிறார்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒழுங்கான ரத்தக்குழாய் ஒன்று வேண்டியிருந்தது. "யாரைக் கேக்கறது?" என்றார் ஜமுனா. "இங்கேயே ஒருத்தி சும்மாதான உக்காந்திருக்கேன்" என்று போய்ப் படுத்துவிட்டேன். மெஷினுக்குள் சத்தம் எங்கள் பேக்கரியில் மாவு பிசைகிற மிக்சர் மாதிரியே இருந்தது, அதில் கல் விழுந்துவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி. வெளியே வந்ததும் ஸ்டெல்லாவைப் பார்த்து, "மூளை இருக்கா?" என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. வேலை மும்முரம் போல.

ஜனவரி 20, திங்கள்

ஜமுனா போன் செய்து நாளை வரச் சொன்னார். "புராஜெக்ட் விஷயமா?" என்றேன். "அப்பிடின்னே வெச்சுக்கங்க" என்றார்.

ஜனவரி 21, செவ்வாய்

எனக்கு ஒன்று இருக்கிறது.

வலப் பக்கம், காதுக்கு நேர் உள்ளே, குழாய் இரண்டாகப் பிரிகிற இடத்தில். ஏழு மில்லிமீட்டர். ஜமுனா திரையைத் திருப்பிக் காட்டினார். காட்டிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் கையை உருவிக்கொண்டு மவுஸை எடுத்தேன். வேறு கோணத்தில் பார்க்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. சத்தியமாக அப்படித்தான். இத்தனை மாதம் அடுத்தவர் தலைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தேன். என் தலைக்குள்ளேயும் ஒன்று இத்தனை நாளாக நாடிக்கு நாடி ஏறி இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

அழகாகத்தான் இருந்தது. முந்திரிப் பழம், நுனியில் சின்ன மூக்கோடு. ஸ்டெல்லாவிடம் "முந்திரி" என்றேன். அவள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

"தலவலி உண்டுங்களா?" என்று கேட்டார் ஜமுனா. இல்லை. "வீட்ல யாருக்காச்சும்?" தெரியாது. அப்பா ஒரு நாள் காலையில் பல் தேய்க்கும்போது விழுந்தார், அவ்வளவுதான். மாரடைப்பு என்றார்கள், நாங்களும் அப்படியே நம்பிவிட்டோம். ஜமுனா அதை எழுதிக்கொண்டார்.

இவரிடம் இன்னும் சொல்லவில்லை. கல்யாண சீசன், கேக் ஆர்டர் குவிந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம்.

ஜனவரி 22, புதன்

வகுப்பில் மையவிலக்குப் பம்பு. கரும்பலகையில் படம் போட்டேன். குழாய் பிரிகிற இடம் வந்ததும் சாக்பீஸ் உடைந்துவிட்டது. இப்போதெல்லாம் சாக்பீஸ் தரமே சரியில்லை.

ஜனவரி 25, சனி

சாயம் ஏற்றி இன்னொரு ஸ்கேன் எடுத்தார்கள். ஜமுனா எல்லாவற்றையும் உட்கார்ந்து நிதானமாக விளக்கினார்.

சும்மா விட்டுவைத்து வருடாவருடம் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அந்த மூக்கும், அப்பா போன விதமும் சேர்ந்து, விட்டுவைக்க அவருக்கு மனமில்லை. காயில் வைக்கலாம்: இரண்டு மூன்று நாள், தொடையில் ஒரு சின்னத் துளை. இல்லையென்றால் மண்டை ஓட்டைத் திறந்து, கழுத்தில் வெளியிலிருந்து ஒரு கிளிப் மாட்டலாம். பெரிய ஆபரேஷன், ஆனால் மாட்டினால் பெரும்பாலும் அதோடு முடிந்தது.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்றேன்.

"கழுத்து எல்லக்கோட்டுல நிக்குதுங்க மேடம். எம் மனசுக்கு கிளிப்னு படுது. ஆனா காயில் வெச்சே ஆகக் கூடாதுன்னும் சொல்ல மாட்டேன். முடிவு உங்களுது."

"முடிய எடுத்துருவீங்களா?"

"ஒரு பக்கம் எடுப்பாங்க."

கேள்வி முழுமையாக இருக்க வேண்டும் என்பதற்காகக் கேட்டேன், அவ்வளவுதான். முடி விஷயத்தில் எனக்குப் பெரிய அக்கறை எல்லாம் கிடையாது.

வரும் வழியில் சீயக்காயும் செம்பருத்தி எண்ணெயும் வாங்கினேன். வீட்டில் தீர்ந்துவிட்டது.

ஜனவரி 28, செவ்வாய்

மனசுக்குப் படுவது, தோன்றுவது எல்லாம் போகட்டும். இதற்கென்றே ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறேன், அதைக் கேட்டால் போகிறது. என் முந்திரிக்குக் கழுத்துக் கோடு போட்டுக் கொடுத்தேன்.

நூற்றுக்கு நாற்பத்துமூன்று.

ஸ்டெல்லாவிடம் இன்னும் ஒப்படைக்கவில்லை, அதனால் கோட்டை மறுபடி பார்த்தேன். அவசரத்தில் போட்டது. கிளைக்குழாய் ஒன்று புடைப்பின் அடியை ஒட்டிப் புறப்படுகிறது. அது புடைப்பின் உடம்பிலிருந்தே புறப்படுகிறதா, பக்கத்திலிருந்து புறப்படுகிறதா என்பது பார்க்கிற கோணத்தைப் பொறுத்தது. முதல் கோட்டை ரொம்பத் தாழப் போட்டுவிட்டேன், அதனால் கிளையும் சேர்ந்துகொண்டு கழுத்து அகலமாகிவிட்டது. கொஞ்சம் ஏற்றிப் போட்டேன். அறுபத்தேழு. கோணத்தைச் சரிசெய்து, இன்னும் கவனமாக மூன்றாவது தடவை போட்டேன்.

எண்பத்துநாலு!

ஜமுனாவுக்கு உடனே போன் செய்தேன். "கணக்கு எம்பத்துநாலு சொல்லுதுங்க. காயில்தான்." அவர் காலண்டரைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "கணக்கும் உங்களுது, தலையும் உங்களுது. மார்ச் பன்னெண்டு வெச்சுக்கலாமுங்களா?" என்றார்.

ரவா லாடு பிடித்தேன்.

ஜனவரி 30, வியாழன்

ஜமுனாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது இவர் பின்னால் நின்றிருக்கிறார் போல. நான் "கழுத்து", "கழுத்து" என்றது மட்டும் காதில் விழுந்திருக்கிறது. சாயங்காலம் நீலகிரித் தைலம் வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறார்.

"நாளெல்லாம் கம்ப்யூட்டரையே பாத்தா கழுத்து வலிக்காம என்ன செய்யும்? திரும்பி உக்காரு அம்மிணி."

வேண்டாம் என்று சொல்லி இருக்கலாம். உட்கார்ந்தேன். பின்னலை எடுத்து முன்னால் போட்டுவிட்டு, மாவு பிசைகிற அந்தக் கையால் பதினைந்து நிமிடம் தேய்த்துவிட்டார். "எந்த எடம்? இங்கயா, இங்கயா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இங்கேதான், அங்கேதான் என்றேன். தைலம் கண்ணில் பட்டுவிட்டது. ரொம்ப நேரம் எரிந்தது.

பிப்ரவரி 2, ஞாயிறு

இன்று சொல்லிவிட்டேன்.

காலேஜில் இருக்கிற த்ரீ-டி பிரிண்டரில் என்னுடையதைப் பத்து மடங்கு பெரிதாக அச்செடுத்து வைத்திருந்தேன். உருவம் கையில் இருந்தால் சொல்வது சுலபம் என்று நினைத்தேன். சாப்பாட்டு மேசையில் வைத்தேன். இவர் எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"என்ன அம்மிணி இது, இஞ்சியா?"

"எந்தலைக்குள்ள இருக்குதுங்க."

சொல்லி முடிக்கிற வரைக்கும் பாதியில் தூங்காமல் கேட்டார். பிறகு கேட்டார். "அப்ப அன்னைக்கு நான் தேச்சுவுட்டது?"

"அது வேற கழுத்துங்க."

"சொல்லியிருக்கலாமில்ல. வெறும் தைலத்தத் தேச்சுட்டு இருந்தனே."

எண்பத்துநாலைச் சொன்னேன். நூற்றுக்கு எண்பத்துநாலு நல்ல மார்க்தானே என்று நாலு பேரைக் கேட்பதுபோல நாலு தடவை என்னையே கேட்டார். ஆமாம் என்றேன். பேக்கரிக்குப் போய்விட்டு, என்னைக்கும் இல்லாத அதிசயமாக அரை மணியில் திரும்பி வந்தார். கையில் சூடாகத் தேங்காய் பன். அந்த அச்சை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இப்போது அது பேக்கரிக் கல்லாவில் பிள்ளையார் பக்கத்தில் இருக்கிறது.

பிப்ரவரி 10, திங்கள்

ஆராய்ச்சிக் கட்டுரையை அனுப்புவதற்கு முன்னால் ஒரு சோதனை பாக்கி இருப்பதாக ஜமுனா நினைவுபடுத்தினார். எல்லாக் கோட்டையும் ஒரே கை போட்டது சரி, அந்தக் கை நாளைக்கும் அதே இடத்தில்தான் போடுமா? முதல் தடவை போட்டு ஒரு மாதமாவது கழித்து, எந்த உருவம் யாருடையது என்று தெரியாமல், கோடு போட்ட ஒன்றையும் விடாமல் எல்லாவற்றுக்கும் மறுபடி போட வேண்டும். இந்த விதியை எழுதியதே நான்தான், அதனால் முணுமுணுக்க வழியில்லை.

ஸ்டெல்லா பெயர்களைக் கலைத்துவைப்பாள். பழகிய முகங்கள் எனக்குத் தெரிந்துவிடும் என்பதால், பாதியைக் கண்ணாடியில் தெரிவது போல இடவலமாகத் திருப்பிப் போடச் சொன்னேன். சுற்றியிருக்கிற குழாய்களையும் வெட்டிவிடச் சொன்னேன். என்னை நானே ஏமாற்றிக்கொள்ள முடியாதபடி எல்லா ஓட்டையையும் அடைத்தாயிற்று. நல்ல சோதனை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

பிப்ரவரி 19, புதன்

தலைக்குக் குளித்து, காய வைத்து, பின்னி முடிக்க முக்கால் மணி நேரம். அளந்து பார்த்தால் இடுப்புக்குக் கீழே நாலு விரல். சும்மா, அளக்க வேண்டும்போல் இருந்தது.

மார்ச் 1, சனி

சோதனை தொடங்கியது. காலையிலிருந்து கோடு, கோடு, கோடு. ஆச்சரியமாக இருக்கிறது: யாருடையது என்று தெரியாதபோது கை என்ன வேகமாகப் போகிறது! பார்த்தேன், போட்டேன், அடுத்தது.

மார்ச் 3, திங்கள்

இன்று என்னுடையது வந்தது! பேர் கலைத்தால் என்ன, இடப் பக்கம் திரும்பியிருந்தால்தான் என்ன, என் முந்திரியை எனக்குத் தெரியாதா? அந்தச் சாய்வு, நுனியில் அந்த மூக்கு. சிரிப்பை அடக்கிக்கொண்டு, தெரியாதவள் போலவே கோட்டைப் போட்டேன். நிதானமாக, கிளையை விட்டு ஒதுக்கி, கச்சிதமாக. ஸ்டெல்லா கவனித்தாளா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். அவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

மார்ச் 4, செவ்வாய்

முடிந்தது. கடைசிக்கு முன் வந்த ஒன்று மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. கொய்யா, காம்போடு பறித்தது போல. கிளைக்குழாய் புடைப்பின் உடம்பிலிருந்தே புறப்படுகிறது, சந்தேகத்துக்கே இடமில்லை. கழுத்து என்று தனியாக ஒன்றும் இல்லை, அகலத் திறந்த வாய். இதில் எப்படிக் காயில் நிற்கும்? வைத்திருந்தால் ஒரே வருடத்தில் திரும்பி வந்திருப்பார். யாரோ பாவம். யார் என்று கேட்கக்கூடாது என்பது விதி, அதனால் கேட்கவில்லை.

இவரிடம் சொன்னேன். தேங்காயைத் துருவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "அவிங்ககிட்ட யாராச்சும் சொல்லோணுமில்ல அம்மிணி?" என்றார்.

"டாக்டர் பாத்துக்குவாங்க" என்றேன்.

மார்ச் 7, வெள்ளி

முதல் தடவை போட்ட கழுத்தின் அகலம் ஒரு பக்கம், இரண்டாம் தடவை போட்டது இன்னொரு பக்கம். இரண்டும் ஒன்றாக இருந்தால் புள்ளிகள் எல்லாம் சாய்கோட்டின் மேல் வரிசையாக உட்காரும். ஸ்டெல்லா படத்தைத் திறந்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. கோலப்புள்ளி தோற்றுவிடும், அத்தனை ஒழுங்கு. இரண்டே இரண்டு புள்ளிகள்தான் தனித்து நின்றன. ஒன்று கோட்டுக்கு எவ்வளவோ மேலே, இன்னொன்று கோட்டுக்குக் கீழே.

"மத்ததெல்லாம் ஒட்டுக்கா நிக்குது, இது ரெண்டுக்கு மட்டும் என்ன கேடு?" என்றேன். "மேல இருக்கறது எது?"

ஸ்டெல்லா ஜமுனாவைப் பார்த்தாள். ஜமுனா, "தொறந்து காட்டு" என்றார்.

கொய்யா. "ஆமா, இது அகலம்தான், நல்லா ஞாபகம் இருக்கு. அப்ப முதல் தடவதான் தப்பாப் போட்டிருக்கேன். யாருது இது?"

ஸ்டெல்லா ஒரு பட்டனைத் தட்டினாள். திரையில் கொய்யா இடவலமாகத் திரும்பியது. வெட்டியிருந்த குழாய்கள் வந்து ஒட்டிக்கொண்டன. என் முந்திரி.

கோபம் வந்தது. ஃபைலை மாற்றிவிட்டாய் என்று ஸ்டெல்லா மேல் எரிந்து விழுந்தேன். அப்படியென்றால் திங்கட்கிழமை வந்தது யாருடையது, அதுதான் என்னுடையது, மூக்கெல்லாம் இருந்ததே என்று கத்தினேன். ஜமுனா கீழே இருந்த புள்ளியைத் தொட்டார். அதுதான் திங்கட்கிழமை வந்தது. வேறொருவருடையது. மூன்று வருடம் முன்பு காயில் வைத்து, நிற்காமல் திரும்பி வந்தவர். அவருக்கு நான் முதல் தடவை அகலமாகத்தான் போட்டிருக்கிறேன். இந்தத் தடவை குறுக்கிவிட்டேன்.

நூற்றுச் சொச்சம் உருவத்தில் என் கை எங்கேயும் பிசகவில்லை. என்னுடையது என்று நினைத்த இரண்டு இடத்தில் மட்டும் கோடு மேலே ஏறியிருக்கிறது. ஒன்று உண்மையில் என்னுடையது. இன்னொன்று என்னுடையதே இல்லை.

"வேணும்னுதான என்னோடதையும் சேத்தீங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வுடக் கூடாதுங்கறது விதி" என்றார் ஜமுனா. "நீங்க எழுதுனதுதானுங்க மேடம்."

வீட்டுக்கு வந்து மார்ச் நாலாம் தேதிப் பக்கத்தைப் படித்தேன். யாரோ பாவம் என்று என் கையெழுத்தில் இருக்கிறது.

மார்ச் 8, சனி

பேக்கரிக்குப் போனேன். காலை வியாபாரம் ஓய்ந்த நேரம். இவர் அடுப்பிலிருந்து தட்டுகளை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார்.

"கோட்டத் தப்பாப் போட்டுட்டனுங்க."

"செரி, திருத்திப்போடு."

"திருத்துனா நாப்பத்துமூணு. மண்டயத் தொறக்கோணும்."

தட்டைக் கீழே வைத்தார். நான் இன்னும் ஏதோ கணக்கு சொல்ல வந்தேன். அதற்குப் பதிலாக, "முடி போயிரும்" என்றேன். நாற்பத்தாறு வயதில், ரொட்டி வாங்க வந்தவர்கள் பார்க்க, ஓவென்று அழுதேன். பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னேன். ஜனவரியிலிருந்தே பயமாக இருக்கிறது என்று சொன்னேன். தைலம் எதுவும் கண்ணில் படவில்லை.

இவர் கையெல்லாம் மாவு. தோளைத் தொட வந்து, புடவையைப் பார்த்துத் தயங்கி, பிறகு பரவாயில்லை என்று தொட்டார்.

"கொய்யா யாருதுன்னு தெரிஞ்சுதா?" என்றார்.

"என்னுதுதான்."

"நாந்தான் சொன்னனே, அவிங்ககிட்டச் சொல்லோணும்னு. சொல்லிட்டாங்கல்ல. வுடு."

அங்கிருந்தே ஜமுனாவுக்குப் போன் செய்து, பன்னிரண்டாம் தேதி வேண்டாம், கிளிப் என்றேன். பத்தொன்பதாம் தேதி கிடைத்தது.

மார்ச் 18, செவ்வாய்

பின்னலை நானே வெட்டிக்கொள்கிறேன், மற்றதை நீங்கள் எடுங்கள் என்று நர்ஸிடம் சொன்னேன். கத்தரிக்கோலை மறுபடி மறுபடி தொட்டுப் பார்த்துக் கீழே வைத்தேன். கடைசியில் இவர்தான் வெட்டினார். கேக் வெட்டுகிற ஆள், ஒரே வெட்டில் முடிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினார்.

கொசுறாக ஒரு கேள்வி: மண்டையைத் திறந்த பிறகு கழுத்தை நேரிலேயே பார்க்கலாமே? கிளை எங்கிருந்து புறப்படுகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று ஆபரேஷன் செய்யப்போகிற சர்ஜனிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். படம் வரைந்து, இரண்டு கோடும் போட்டு, எது சரி என்று டிக் அடிக்க வேண்டும். இப்படி ஒரு நோயாளியைப் பார்த்ததில்லை என்றார். வாங்கி வைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

இன்றுதான் பேனா பிடிக்கத் தோன்றியது. தலை கனக்கிறது, தையல் பிரித்த இடம் அரிக்கிறது, வாயை அகலத் திறந்தால் தாடை வலிக்கிறது. மற்றபடி நான் நானாகத்தான் இருக்கிறேன் என்று இவர் சொல்கிறார். திட்டுவதை வைத்துச் சொல்கிறாராம்.

சர்ஜன் டிக் அடித்த படம் வந்துவிட்டது. கிளை புடைப்பின் உடம்பிலிருந்தே புறப்பட்டிருக்கிறது. தாழப் போட்ட கோடுதான் சரி. ஆனாலும் காயில் வைத்திருந்தால் என் தலையில் நின்றிருக்குமா, நின்றிருக்காதா என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. நாற்பத்துமூன்று என்றால் நிற்கவே நிற்காது என்று அர்த்தமில்லையே. அது தெரியாமலே போய்விட்டது எனக்கு இன்னும் கொஞ்சம் உறுத்தலாகத்தான் இருக்கிறது. ஜமுனாவிடம் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார், அவருடைய தலையில்.

கட்டுரையில் அந்த இரண்டு புள்ளிகளையும் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மேலே நிற்பதும் கீழே நிற்பதும் அப்படியே நிற்கட்டும், கீழே காரணத்தையும் எழுதிவிடலாம். இனிமேல் கோடுகளை ஸ்டெல்லாவும் போடுவாள்.

மத்தியானம், கட்டைப் பிரித்த பிறகு முதல் தடவையாகக் கண்ணாடி முன் நின்றேன். இவர் வேண்டாம் வேண்டாம் என்று பின்னாலேயே வந்தார். எனக்கு வலப் பக்கம் மழித்திருக்கிறார்கள். எதிரே நின்றவளுக்கு இடப் பக்கம் மழித்திருந்தது. காதுக்கு மேலே வளைந்து போகிற தையல் தழும்பு, அதைச் சுற்றிக் கோதுமை ரவை தூவியது போல முடி முளைத்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அவளும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"யாரு அம்மிணி அது?" என்றார் இவர், என்னைச் சிரிக்கவைக்க.

இந்தத் தடவை எனக்கு உடனே தெரிந்துவிட்டது.